அடைபட்ட குழாயும் பழுதான வால்வும்

இயற்பியல் வகுப்பில் நீர்மங்களின் ஓட்டத்தைப் பற்றிப் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால், அதே அழுத்தத்தில் அதன் வழியே ஓடும் நீர்மம் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்று கரும்பலகையில் எழுதி முடித்தபோது மணி அடித்தது. எல்லோரும் போன பிறகு ஒரு மாணவன் மட்டும் மேசையருகே வந்து நின்றான். தேனாம்பேட்டையில் எல்டாம்ஸ் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருப்பவன். அவனுடைய தந்தை ஓர் அச்சகத்தில் வேலை செய்பவர்.

“சார், எங்க அப்பாவுக்கு இதய இரத்தக்குழாயில எழுபது சதவீதம் அடைப்புன்னு டாக்டர் சொல்லியிருக்கார். அப்படின்னா இன்னும் முப்பது சதவீதம் திறந்துதானே இருக்கு? அது போதாதா? ஆபரேஷன் எதுக்குன்னு அப்பா கேக்கறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியல சார்.”

விசாரித்ததில் விவரம் தெரிந்தது. ஒரு நாள் இரவு அவருக்கு மார்பின் நடுவே கல்லைத் தூக்கி வைத்தாற்போல ஒரு வலி. உடம்பெல்லாம் வியர்வை. வாயுத் தொல்லை என்று எண்ணி ஓமத் தண்ணீரும் சோடாவும் குடித்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்தே இருந்திருக்கிறார். மறுநாள் பிற்பகல்தான் மருத்துவமனைக்குப் போனார்கள். உயிர் பிழைத்துவிட்டார். ஆனால், மூன்று குழாய்களிலும் அடைப்பு, நெடுநாளாக நீரிழிவு வேறு. எனவே மருத்துவர்கள் அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சொல்லியிருந்தார்கள்.

நான் மருத்துவன் அல்லன், இயற்பியல் கற்பிப்பவன். ஆயினும் அந்த மாணவன் கேட்ட கேள்வி பாதிக்கு மேல் இயற்பியல் கேள்விதான். அன்று அவனுக்குச் சொன்னதையும், பின்னர் படித்தறிந்ததையும் சேர்த்து இங்கே உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு நாள் இந்தக் கேள்வி எழக்கூடும் அல்லவா?

ஓய்வறியாத பம்பு

இதயம் என்பது அடிப்படையில் ஒரு பம்பு. சரியாகச் சொன்னால் பக்கத்தில் பக்கத்தில் அமைந்த இரண்டு பம்புகள். வலப்புறப் பம்பு உடலிலிருந்து திரும்பி வரும் இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடப்புறப் பம்பு நுரையீரலில் உயிர்வளி ஏற்று வந்த இரத்தத்தை உடல் முழுவதற்கும் அனுப்புகிறது. ஒவ்வொன்றிலும் இரத்தத்தை வாங்கிக்கொள்ள ஒரு மேலறை, அழுத்தி வெளியேற்ற ஒரு கீழறை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்திற்கு 72 துடிப்பு. ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லி லிட்டர். அப்படியானால் நிமிடத்திற்கு 5 லிட்டர், நாளொன்றுக்கு 7,200 லிட்டர்! நாளுக்குத் துடிப்புகள் மட்டும் ஒரு லட்சத்திற்கு மேல். இடக் கீழறை சராசரியாக 100 மில்லி மீட்டர் பாதரச அழுத்தத்தை எதிர்த்து இரத்தத்தைத் தள்ளுகிறது. அழுத்தத்தைக் கன அளவால் பெருக்கினால் கிடைப்பது வேலை. ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 1 ஜூல் வருகிறது. 100 கிராம் எடையுள்ள கொய்யாப்பழத்தை ஒரு மீட்டர் உயரம் தூக்கும் வேலை, அவ்வளவே! இதற்குத் தேவையான திறன் ஒரு வாட்டுக்குச் சற்று அதிகம். சைக்கிள் டைனமோ விளக்குக்கே 3 வாட் வேண்டும்.

ஆனால் சிறு துளி பெருவெள்ளம் என்பதை மறந்துவிடலாகாது. ஒரு நாள் வேலையைக் கூட்டிப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ள ஒரு மனிதரை அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தின் அடியிலிருந்து உச்சிக்கு மூன்று முறை தூக்கிவிடும் அளவு வேலையை நம் கைப்பிடி அளவுத் தசை ஒன்று செய்து முடிக்கிறது. அதுவும் விடுமுறை இல்லாமல்.

இவ்வளவு வேலை செய்யும் தசைக்கு உணவும் உயிர்வளியும் வேண்டாமா? அறைகள் நிறைய இரத்தம் இருந்தாலும் இதயத்தசை அதிலிருந்து உறிஞ்சிக்கொள்வது மிகச் சொற்பம். பெருந்தமனி இதயத்தை விட்டு வெளிவரும் இடத்திலேயே இரண்டு சிறு குழாய்கள் கிளைத்து, இதயத்தின் மேற்பரப்பைத் தழுவிப் படர்கின்றன. இவையே இதயத் தமனிகள். இடத் தமனி இரண்டு பெருங்கிளைகளாகப் பிரிவதால், மருத்துவர்கள் பொதுவாக ‘மூன்று குழாய்கள்’ என்கிறார்கள். இவற்றின் விட்டம் 2 முதல் 4 மில்லி மீட்டர்தான். பேனாவின் ரீஃபிள் குழலை நினைத்துக் கொள்ளுங்கள்.

எழுபது சதவீதம் என்றால் என்ன?

இந்தச் சிறு குழாய்களின் சுவருக்குள் ஆண்டுக்கணக்கில் கொழுப்பும் நார்ப்பொருளும் சுண்ணமும் படிகின்றன. புகைபிடித்தல், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, இரத்தத்தில் மிகுந்த கொலஸ்டிரால், பரம்பரை ஆகியவை இதை விரைவுபடுத்தும். குழாயின் உட்புறம் சிறிது சிறிதாகக் குறுகும்.

இப்போது மாணவனின் கேள்விக்கு வருவோம். மருத்துவர் ‘70 சதவீதம் அடைப்பு’ என்று சொல்வது பெரும்பாலும் விட்டத்தின் கணக்கு, பரப்பின் கணக்கன்று. விட்டத்தில் 30 சதவீதம் மிஞ்சியிருந்தால், திறப்பின் பரப்பு 0.3 பெருக்கல் 0.3, அதாவது 0.09. நூற்றில் ஒன்பது பங்கே திறந்திருக்கிறது! ‘முப்பது பங்கு இருக்கிறதே’ என்று ஆறுதல் கொள்வதற்கு இடமில்லை.

இனி ஓட்டத்தின் விதி. குழாயில் ஓடும் நீர்மத்தின் அளவு ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது என்று கண்டறிந்த பாய்சொய் என்பவர் ஒரு பிரெஞ்சு மருத்துவர் என்பது பலருக்குத் தெரியாது. நுண்ணிய இரத்தக் குழாய்களில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று அறியும் ஆவலில்தான் அவர் 1840ஆம் ஆண்டையொட்டி மெல்லிய கண்ணாடிக் குழாய்களைக் கொண்டு சோதனைகள் செய்தார். நாம் இயற்பியல் என்று படிக்கும் விதி மருத்துவத்தில் பிறந்த குழந்தை!

‘அப்படியானால், இத்தனை அடைப்புள்ளவர் எப்படி நடமாடுகிறார்?’ என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பாய்சொய் விதி நீண்ட, நேரான குழாய்க்கு உரியது. இங்கே அடைப்போ சில மில்லி மீட்டர் நீளந்தான். அதற்குப் பின்னால் ஆயிரக்கணக்கான நுண்தமனிகள் உள்ளன. சாதாரண வேளையில் அவை பாதி மூடிய குழாய்த் திருகுகளைப் போலச் சுருங்கியே இருக்கும். மேலே தடை ஏற்பட்டால் அவை திறந்து கொடுத்து ஓட்டத்தைச் சரிசெய்து கொள்ளும். தொடரிணைப்பில் ஒரு மின்தடை கூடும்போது மற்றொன்றைக் குறைத்து மின்னோட்டத்தைப் பழைய அளவிலேயே வைத்திருப்பது போன்றது இது.

ஆகவே ஓய்வில் இருக்கும்போது வலி தெரியாது. மாடிப்படி ஏறும்போதோ, பேருந்தைப் பிடிக்க ஓடும்போதோ இதயத்தசைக்கு மூன்று நான்கு மடங்கு இரத்தம் தேவைப்படும். திருகுகள் ஏற்கெனவே முழுவதும் திறந்துவிட்டன. இனித் திறக்க ஒன்றுமில்லை. அப்போது மார்பு இறுகுகிறது, நின்றால் தணிகிறது. இதுவே ஆஞ்சைனா எனப்படும் மார்பு நெரிவு.

மாரடைப்பு இதனினும் வேறு. சுவரில் படிந்த கொழுப்புத் திட்டின் மேல்தோல் திடீரெனக் கிழிகிறது. உடல் அதைக் காயம் என்று எண்ணி அங்கே இரத்தத்தை உறையச் செய்கிறது. உறைகட்டி குழாயை முழுவதும் அடைத்துவிடுகிறது. இப்படிக் கிழிவது பெரிய அடைப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; அதுவரை வலியே தராத சிறு திட்டாகவும் இருக்கலாம். அடைபட்ட நொடியிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. நிமிடத்திற்கு நிமிடம் தசை மடிகிறது. மடிந்த தசை மீண்டும் வளர்வதில்லை. அந்த அச்சகத் தொழிலாளி ஓமத் தண்ணீருடன் கழித்த இரவின் விலை, அவருடைய இதயத்தசையில் ஒரு பகுதி.

குழாய்க்குள் ஒரு பயணம்

அடைப்பு எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிகிறது? 1929இல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர் தம் கையின் சிரை வழியாக ஒரு மெல்லிய இரப்பர்க் குழலைத் தாமே செலுத்தி, அது இதயத்தை எட்டியதை எக்ஸ்ரே படத்தில் காட்டினார். அன்று பலர் அவரைக் கடிந்தார்கள். 1956இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் மேசன் சோன்ஸ், இதயத் தமனிக்குள்ளேயே எக்ஸ்ரேயில் தெரியும் சாயத்தைச் செலுத்திப் படமெடுக்கும் முறையைக் கண்டார். இன்று மணிக்கட்டிலோ தொடையிலோ உள்ள தமனி வழியாகச் செய்யப்படும் ஆஞ்சியோகிராம் இதுவே.

படம் மட்டும் போதாத இடத்தில் இயற்பியல் துணைக்கு வருகிறது. நுனியில் அழுத்த உணரி பொருத்திய ஒரு கம்பியை அடைப்பைத் தாண்டிச் செலுத்தி, அடைப்புக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தங்களை ஒப்பிடுகிறார்கள். நுண்தமனிகள் முழுவதும் திறந்திருக்கும் நிலையில் இந்த விகிதம் 0.80 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு ஓட்டத்தை உண்மையிலேயே பாதிக்கிறது என்று கொள்வர். மின்தடையின் இரு முனைகளிலும் வோல்ட்மீட்டரை வைத்துப் பார்ப்பதற்கு இது ஒப்பு.

1977 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஆண்டிரியாஸ் குருன்ட்சிக் அதே வழியாக ஒரு சிறு பலூனைச் செலுத்தி அடைப்பை அகற்றினார். அதாவது, கொழுப்பை வெளியே எடுக்கவில்லை. சுவரோடு சுவராக நசுக்கி வழியை அகலப்படுத்தினார். கார் டயரில் உள்ள அழுத்தத்தைப் போல ஐந்தாறு மடங்கு அழுத்தம் அந்தப் பலூனுக்குள் செலுத்தப்படுகிறது.

பலூனை எடுத்த பிறகு குழாய் மீண்டும் சுருங்குவது உண்டு. அதைத் தடுக்க 1986இல் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் உலோக வலைக்குழல் பொருத்தும் முறை வந்தது. இதையே ஸ்டென்ட் என்கிறோம். பலூன் மீது சுருக்கி வைக்கப்பட்டிருக்கும் இது, பலூன் விரியும்போது தானும் விரிகிறது. பலூன் சுருங்கியதும் வலை ஏன் சுருங்குவதில்லை? வகுப்பில் படித்த மீள் எல்லையை நினைவு கூருங்கள். கம்பிச்சுருளை அந்த எல்லைக்குள் இழுத்தால் பழைய நிலைக்குத் திரும்பும். எல்லையைக் கடந்து இழுத்தால் திரும்பாது. பல ஸ்டென்ட்டுகளின் கோபால்ட் - குரோமியக் கம்பிகளை, வேண்டுமென்றே மீள் எல்லைக்கு அப்பால் விரிக்கிறார்கள். இப்போதுள்ளவற்றில் தசை மிகையாக வளர்ந்து குழலை மூடாதிருக்க மருந்தும் பூசப்பட்டிருக்கும்.

மாரடைப்பு நேரும்போது உடனடியாகச் செய்யப்படும் பலூன் சிகிச்சை உயிர் காக்கிறது, இதில் ஐயமில்லை. ஆனால், நடந்தால் மட்டும் வலிக்கும் நிலையான மார்பு நெரிவு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்டென்ட் வலியைக் குறைக்கிறதே தவிர, நல்ல மருந்து சிகிச்சையைக் காட்டிலும் ஆயுளைக் கூட்டுவதில்லை என்று 2007லும் 2020லும் வெளியான பெரிய ஆய்வுகள் காட்டின. ‘அடைப்பு இருக்கிறது, உடனே ஸ்டென்ட்’ என்பது எல்லோருக்கும் பொருந்தாது. விலையும் ஒரு காலத்தில் எட்டாத உயரத்தில் இருந்தது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்ச விலை விதித்த பிறகு, லட்ச ரூபாய்க்கு மேல் விற்றுவந்த மருந்து பூசிய ஸ்டென்ட்டின் விலை முப்பதாயிரம் ரூபாய்க்குள் இறங்கியது.

மாற்றுவழிச் சாலை

சாலையில் ஓரிடத்தில் பள்ளம் தோண்டியிருந்தால் என்ன செய்கிறோம்? பக்கத்துத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு அப்பால் போய்ச் சேர்கிறோம். பைபாஸ் அறுவை என்பதும் அதுவே. அடைப்பைத் தொடுவதில்லை. பெருந்தமனியிலிருந்து அடைப்புக்கு அப்பாலுள்ள இடத்திற்குப் புதிய குழாய் ஒன்றை இணைத்துவிடுகிறார்கள்.

புதிய குழாய்க்கு எங்கே போவது? நோயாளியின் காலிலிருந்தே ஒரு நீண்ட சிரையை எடுக்கலாம். காலில் வேறு சிரைகள் இருப்பதால் அதன் இழப்பு பெரிதாகத் தெரிவதில்லை. ஆனால் ஒரு சிக்கல். காலிலிருந்து மேல்நோக்கி மட்டுமே இரத்தம் போகும்படி அந்தச் சிரைக்குள் ஒருவழிக் கதவுகள் உள்ளன. அப்படியே தைத்தால் அவை வழியை மூடிவிடும். ஆகவே சிரையைத் தலைகீழாகத் திருப்பித்தான் தைக்க வேண்டும்!

மற்றொன்று, மார்பெலும்பின் உட்புறம் ஓடும் மார்புத் தமனி. இதன் மேல்முனையை வெட்டாமல் கீழ்முனையை மட்டும் எடுத்து இதயத் தமனியில் இணைக்கிறார்கள். பத்து ஆண்டுகள் கழித்தும் பெரும்பாலான மார்புத் தமனிகள் திறந்தே இருக்கின்றன. கால் சிரைகளிலோ ஏறத்தாழ பாதி அதற்குள் அடைபட்டுவிடுகின்றன. ஒரு முக்கியமான காரணம் எளியது. சிரை பிறந்ததிலிருந்து பழகியது சிறு அழுத்தம். திடீரென்று அதன் பத்து மடங்கு அழுத்தம் அதன் மெல்லிய சுவரின் மீது விழுகிறது. தமனிக்கோ அது பழகிய வாழ்க்கை.

தைக்க வேண்டிய குழாய் 2 மில்லி மீட்டர். தைக்கும் நூல் தலைமயிர்ப் பருமன். துடிக்கும் இதயத்தில் இது எளிதா? இங்கேதான் இதய - நுரையீரல் பொறி வருகிறது. இரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, உயிர்வளி ஊட்டி, மீண்டும் உடலுக்குள் செலுத்தும் இந்தப் பொறியை 1953 மே மாதத்தில் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் மனிதரிடம் முதன்முதலாக வெற்றியுடன் பயன்படுத்தினார். குளிர்ந்த பொட்டாசியக் கரைசலைச் செலுத்தினால் இதயம் துடிப்பை நிறுத்தி அமைதியாகக் கிடக்கும். வேலை முடிந்ததும் வெதுவெதுப்பான இரத்தத்தை விட்டால் மீண்டும் துடிக்கத் தொடங்கும். இப்போது பொறியில்லாமல், துடிக்கும் இதயத்தில் தைக்கும் பகுதியை மட்டும் அசையாமல் பிடித்துக்கொண்டு செய்வதும் உண்டு.

தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இடப்பட்டது. அங்கே 1949இல் ரீவ் பெட்ஸ் மார்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். 1960களின் தொடக்கத்தில் டாக்டர் என். கோபிநாத் பொறியின் துணையுடன் திறந்த இதய அறுவைகளைச் செய்தார். 1967இல் கிளீவ்லாண்டில் ரெனே ஃபவலோரோ கால் சிரையைக் கொண்டு பைபாஸ் முறையை நிலைநாட்டினார். அடுத்த எட்டே ஆண்டுகளில் அது நம் சென்னைக்கு வந்துவிட்டது. 1975இல் பெரம்பூர் தென்னக இரயில்வே தலைமை மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் செய்த அறுவையே இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் என்று போற்றப்படுகிறது. நாட்டிலேயே முதலாவது, இரயில்வே தொழிலாளர்களுக்கான ஒரு பொது மருத்துவமனையில் நடந்தது என்பதை நாம் பெருமையுடன் நினைவுகொள்ளலாம். டாக்டர் செரியன் 2025 ஜனவரியில் மறைந்தார்.

யாருக்கு ஸ்டென்ட், யாருக்கு பைபாஸ்? ஒன்றிரண்டு அடைப்புகள் எட்டக்கூடிய இடத்தில் இருந்தால் ஸ்டென்ட் போதுமானதாக இருக்கலாம். மூன்று குழாய்களிலும் அடைப்பிருந்து நீரிழிவும் இருந்தால், பைபாஸ் செய்துகொண்டவர்களே நீண்ட நாள் நலமாக இருக்கிறார்கள் என்று 2012இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஸ்டென்ட் ஓரிடத்து அடைப்பை மட்டுமே சரிசெய்கிறது. பைபாஸோ, குழாயின் முற்பகுதியில் நாளை வரக்கூடிய அடைப்புக்கும் சேர்த்தே சுற்றுவழி அமைத்துவிடுகிறது. மாணவனின் தந்தைக்கு மருத்துவர்கள் சொன்ன அறிவுரையின் காரணம் இதுதான்.

அடிபம்பும் இதய வால்வும்

குழாய்களை விட்டு இனிக் கதவுகளுக்கு வருவோம். சென்னைத் தெருக்களில் அடிபம்பை அடித்துத் தண்ணீர் பிடித்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. பம்புக்குள் தோல் வாஷர் தேய்ந்துவிட்டால் என்ன ஆகும்? எவ்வளவு அடித்தாலும் ஏறிய தண்ணீர் மீண்டும் இறங்கிவிடும். கைதான் ஓயும், குடம் நிறையாது.

இதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இரண்டு. கீழறையிலிருந்து வெளியேறும் வாயில்களில் இரண்டு. இவை பழுதுபடுவது இரு வகை. ஒன்று, சரியாக மூடாமல் கசிதல்; மற்றொன்று, சரியாகத் திறக்காமல் குறுகுதல். கசிந்தால் இதயம் ஒரே இரத்தத்தை இரண்டு முறை தள்ள வேண்டும். குறுகினால் மிகுந்த அழுத்தத்துடன் தள்ள வேண்டும். இரண்டிலும் நாளடைவில் இதயம் களைத்துவிடும்.

நம் நாட்டில் வால்வுகள் பழுதுபட நெடுங்காலமாக முதற்காரணம் ருமாட்டிக் காய்ச்சல். 5 முதல் 15 வயதுக் குழந்தைகளுக்கு ஒருவகைக் கிருமியால் தொண்டைப் புண் வருகிறது. அதை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் தவறுதலாக மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்குகின்றன. மூட்டு வலி போய்விடும். வால்வில் விழுந்த வடு போகாது. இடப்புற ஈரிதழ் வால்வின் திறப்பு இயல்பில் 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர்; அது ஒன்றரைக்கும் கீழே குறுகும்போது இளம் வயதிலேயே மூச்சு வாங்கும். கருவுற்ற பெண்களுக்கு இது பேராபத்து. முதியவர்களுக்கோ பெருந்தமனி வால்வில் சுண்ணம் படிந்து குறுகுவது மிகுதி.

வால்வு எவ்வளவு குறுகியுள்ளது என்பதை இதயத்தைத் திறக்காமலே அளக்கலாம். எழும்பூர் நிலையத்தில் நிற்கும்போது நம்மை நோக்கி வரும் இரயிலின் ஊதல் ஒலி உயர்ந்தும், கடந்து போகையில் தாழ்ந்தும் கேட்கிறதல்லவா? இது டாப்ளர் விளைவு. எக்கோ கருவி மீயொலியை அனுப்பி, ஓடும் இரத்த அணுக்களிலிருந்து திரும்பிவரும் ஒலியின் மாற்றத்தைக் கொண்டு வேகத்தைக் கணக்கிடுகிறது. பிறகு பெர்னூலியின் தேற்றம். வேகத்தை நொடிக்கு மீட்டரில் எடுத்து, இருபடியாக்கி 4ஆல் பெருக்கினால் வால்வின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாடு மில்லி மீட்டர் பாதரசத்தில் கிடைத்துவிடும். வேகம் 4 மீட்டர் என்றால் வேறுபாடு 64. இரத்தத்தின் அடர்த்தியைக் கொண்டு இந்த 4 எப்படி வந்தது என்று மாணவர்கள் போட்டுப் பார்க்கலாம்.

வால்வைச் சீர்செய்தலும் மாற்றுதலும்

குறுகிய ஈரிதழ் வால்வை 1925இலேயே இலண்டனில் ஹென்றி சூட்டர் துடிக்கும் இதயத்திற்குள் தம் விரலை விட்டு அகற்றினார். 1980களில் ஜப்பானின் இனோவே உருவாக்கிய பலூன் வந்த பிறகு, தகுந்த நோயாளிகளுக்கு மார்பைப் பிளக்காமலே தொடைச் சிரை வழியாக இதைச் செய்ய முடிகிறது. கசியும் வால்வுகள் சிலவற்றைத் தைத்தும் வளையம் பொருத்தியும் செப்பனிடலாம். முடியாதபோது வால்வையே மாற்ற வேண்டும்.

1960இல் அமெரிக்காவில் ஸ்டார், எட்வர்ட்ஸ் இருவரும் கூண்டுக்குள் பந்து வைத்த வால்வைப் பொருத்தி வெற்றி கண்டனர். பின்னர் சாயும் தட்டு, இரட்டை இதழ் என்று வகைகள் பெருகின. செயற்கை வால்வு ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்றே முக்கால் கோடி முறை திறந்து மூட வேண்டும். பத்தாண்டில் 38 கோடி முறை. தேயக்கூடாது, உடையக்கூடாது, இரத்தத்தை உறையச் செய்யவும் கூடாது. இப்படி ஒரு கதவை உங்களால் செய்ய முடியுமா?

இறக்குமதி வால்வுகளின் விலை நம் ஏழை நோயாளிகளுக்கு எட்டவில்லை. இதைக் கண்ட டாக்டர் எம். எஸ். வலியத்தான், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1970களில் இந்திய வால்வு ஒன்றை உருவாக்கும் பணியைத் தொடங்கினார். பொறியியலாளர்களும் மருத்துவர்களும் கூடி உழைத்தனர். முதல் வடிவங்கள் தோற்றன. ஒன்றில் பற்றவைப்பு முறிந்தது. மற்றொன்றில் நீலக்கல் போன்ற கடினமான தட்டே உடைந்தது. கடினத்தை விட்டு இறுதியில் மென்மையை நாடினார்கள். கோபால்ட் கலப்பு உலோகச் சட்டத்தில், மிக நீண்ட மூலக்கூறுகளாலான பாலிஎத்திலீன் தட்டு. நம் தெருக்களில் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் பிளாஸ்டிக் குடத்தின் குடும்பத்தைச் சேர்ந்த பொருள்தான். ஆனால் தேய்மானத்தைத் தாங்குவதில் மிகச் சிறந்தது. ஆடுகளில் சோதித்த பின், 1990 டிசம்பர் 6ஆம் நாள் முதல் மனிதருக்குப் பொருத்தப்பட்டது. தேனாம்பேட்டைக்கு அடுத்த கதீட்ரல் சாலையில் அலுவலகம் கொண்ட டி.டி.கே. நிறுவனம் இதைத் தயாரிக்கும் பொறுப்பை ஏற்றது. இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்த வால்வு பொருத்தப்பட்டுள்ளது. வலியத்தான் 2024இல் காலமானார்.

உலோக வால்வு நெடுநாள் உழைக்கும். ஆனால் அதன்மேல் இரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுவதும் மருந்து உண்ண வேண்டும். இரத்தத்தின் உறையும் தன்மையை அடிக்கடி சோதிக்கவும் வேண்டும். மருந்து குறைந்தால் வால்வு அடைபடும், கூடினால் இரத்தக் கசிவு. கருத்தரிக்க விரும்பும் பெண்கள் இதுபற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் பேசியாக வேண்டும். பன்றியின் வால்வு, மாட்டின் இதய உறை ஆகியவற்றாலான திசு வால்வுக்கு இந்த மருந்துத் தொல்லை குறைவு. ஆனால் 10, 15 ஆண்டுகளில் பழுதுபடலாம். ஆகவே இளைஞருக்கு ஒன்று, முதியவருக்கு மற்றொன்று. 2002இல் பிரான்சில் அலன் கிரிபியே மார்பைத் திறக்காமல் தொடை வழியாகவே புதிய பெருந்தமனி வால்வைக் கொண்டுபோய்ப் பொருத்தினார். இன்று சென்னையிலும் அது நடைபெறுகிறது.

நாம் செய்ய வேண்டியது

மார்பின் நடுவே அழுத்தம், இடக்கையிலோ தாடையிலோ பரவும் வலி, காரணமற்ற வியர்வை ஆகியவை வந்தால் வாயு என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. நீரிழிவுக்காரர்களுக்கும் பெண்களுக்கும் வலியின்றி மூச்சுத்திணறலும் அசதியும் மட்டுமே தோன்றலாம். 108க்கு உடனே அழையுங்கள். தமிழக அரசு 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் முதல் மருந்துகள் தரப்படுகின்றன. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பங்களுக்கு இதய அறுவைகளும் அடங்கும். குழந்தைகளுக்குத் தொண்டைப் புண்ணுடன் காய்ச்சல் வந்து, பிறகு மூட்டுகள் மாறி மாறி வீங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள். ருமாட்டிக் காய்ச்சல் வந்த குழந்தைக்கு மூன்று நான்கு வாரத்திற்கொருமுறை போடும் பென்சிலின் ஊசியை, குழந்தை நன்றாக இருக்கிறதே என்று நிறுத்திவிடாதீர்கள். சில ரூபாய் ஊசி ஒன்று, ஒரு வால்வைக் காப்பாற்றும்.

அந்த மாணவன் கரும்பலகையில் 0.3ஐ 0.3ஆல் பெருக்கி வந்த விடையைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டு போனான். அன்று இரவு தந்தைக்கு ஒரு வட்டம் வரைந்து, அதற்குள் சிறிய வட்டம் ஒன்றையும் வரைந்து காட்டினானாம். அச்சு வேலையில் அளவு தெரிந்தவர் அல்லவா? சிறிது நேரம் பார்த்துவிட்டு, “இவ்வளவுதான் மிச்சமா?” என்று கேட்டாராம். அடுத்த மாதம் ஓர் அரசு மருத்துவமனையில் அவருக்கு அறுவை நடந்தது. மடிந்த தசை திரும்பவில்லை. கனத்த காகிதக் கட்டுகளை இப்போது அவர் தூக்குவதில்லை. ஆனால் காலையில் வீட்டிலிருந்து அச்சகம்வரை நடந்தே போகிறார்.